பத்து ரூபாய்க்குப் பறக்கும் தட்டு

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாராம். முதல் ஷிப்டுக்குப் போக விடியற்காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வானத்தில் வரிசையாக விளக்குகள். ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டி மாதிரி, சத்தமே இல்லாமல் நகர்ந்து போய் மறைந்துவிட்டன. டீக்கடையில் சொன்னால், “ராத்திரி சரியா தூங்கலையா தம்பி?” என்கிறார்கள். வீட்டில் சொன்னால், “இதுக்குத்தான் காலாகாலத்துல ஒரு கல்யாணம்...” என்று ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் என்னிடம் வந்திருக்கிறார். கேள்விகள் இரண்டு.

ஒன்று: “அது பறக்கும் தட்டா சார்?”

இரண்டு: “இதையெல்லாம் கவர்ன்மென்ட்டுக்கு எழுதிக் கேட்டா உண்மையைச் சொல்வாங்களா, மறைச்சிடுவாங்களா?”

முதல் கேள்விக்கு அரை டீ குடிக்கிற நேரம் போதும். 2019 மே மாதத்திலிருந்து அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனி ‘ஸ்டார்லிங்க்’ என்ற செயற்கைக்கோள்களைக் கொத்துக் கொத்தாக மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. முதல் தடவையே ஒரே ராக்கெட்டில் 60. மேலே போன சில நாட்களுக்கு அவை ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டித்தான் போகும். பாலக்கோட்டில் இன்னும் சூரியன் உதிக்கவில்லை. ஆனால் முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் வந்துவிட்டது. அந்த வெயில் பட்டு மின்னுகிறது. நண்பர் பார்த்தது பெரும்பாலும் அதுதான். மன்னிக்கவும், தட்டு இல்லை.

இரண்டாவது கேள்விதான் விவகாரமானது. அதில் தட்டை விட கவர்ன்மென்ட் சுவாரஸ்யம்.

ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அடுத்த செக்‌ஷனில் போய் ஒரு பேப்பரைக் கேட்டால் மூன்று விதமான பதில்தான் வரும். “அப்படி ஒண்ணும் இல்லையே!” “இருந்துச்சு, இப்போ காணோம்.” “இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க.” மூன்றாவது பதில் வந்தால் அன்றைக்கு ஊரில் மழை நிச்சயம். உலகத்து அரசாங்கங்களும் பறக்கும் தட்டு விஷயத்தில் இந்த மூன்று பதிலைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லி வந்திருக்கின்றன.

முதல் பதிலுக்கு மகாராஜா, அமெரிக்கா.

1947 ஜூலையில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்ற ஊர்ப் பக்கம் ஏதோ விழுந்தது. அங்கிருந்த விமானப்படைத் தளம் ‘பறக்கும் தட்டு ஒன்று எங்களிடம் கிடைத்திருக்கிறது’ என்று பத்திரிகைகளுக்கே செய்தி கொடுத்துவிட்டது. மை காய்வதற்குள் மேலிடம் மறுத்தது: அது தட்டு இல்லை, வானிலை பலூன். விஷயம் அப்போதைக்கு அடங்கியது. முப்பது வருஷம் கழித்து மறுபடி கிளம்பி புத்தகம், சினிமா, மியூசியம் என்று ஒரு ஊரே பிழைக்கிற அளவுக்கு வளர்ந்தது.

1994-ல் அமெரிக்க விமானப்படை ஒரு அறிக்கையில் விஷயத்தைக் கக்கியது. பலூன்தான், ஆனால் வானிலை பலூன் இல்லை. ‘மோகல்’ என்ற பரம ரகசியத் திட்டத்தின் பலூன். சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தால் அந்தச் சத்தத்தை உயர வானத்தில் ஒட்டுக் கேட்பதற்காக அனுப்பியது. அதாவது அரசாங்கம் சொன்னது பாதிப் பொய். மறைத்தது வேற்றுக்கிரகவாசியை அல்ல, தன்னுடைய சொந்தச் சரக்கை.

அடுத்த கதை இதைவிடச் சுத்தம். 1955-ல் சி.ஐ.ஏ. ‘யூ-2’ என்ற உளவு விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தது. உயரம் 60,000 அடிக்கு மேல். அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்கள் பறந்ததோ 10,000, 20,000 அடியில். சாயங்காலம் கீழே இருட்டிய பிறகும் யூ-2-ன் வெள்ளி நிற இறக்கையில் வெயில் பட்டு நெருப்பாய் மின்னும். பைலட்டுகள் அலறிப் புகார் செய்தார்கள். புகார்களை விசாரித்தது ‘ப்ளூ புக்’ என்ற விமானப்படைப் பிரிவு. விசாரித்தவர்கள் சி.ஐ.ஏ.வைக் கேட்டு, அது நம்ம விமானம்தான் என்று தெரிந்துகொண்டு, வெளியே ‘பனித் துகள், காற்றின் வெப்ப மாற்றம்’ என்று பதில் எழுதினார்கள். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் இந்த உளவு விமானங்கள்தான் என்று சி.ஐ.ஏ.வின் சொந்த ஆய்விதழிலேயே 1997-ல் எழுதினார்கள். (நாற்பது வருஷம் லேட். நம்ம ஊர் பாஸஞ்சர் ரயிலே பரவாயில்லை.)

ப்ளூ புக் 1969-ல் கடையை மூடியபோது மொத்தக் கணக்கு 12,618 புகார்கள். அதில் 701 மட்டும் ‘என்னவென்று தெரியவில்லை’.

சரி, ஜனங்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. அமெரிக்காவில் 1966-லேயே தகவல் சுதந்திரச் சட்டம் வந்துவிட்டது. அதை வைத்து ஒரு குழு சி.ஐ.ஏ. மேல் கேஸ் போட்டு 1978-ல் நூற்றுக்கணக்கான பக்கங்களை வாங்கியது. அடுத்து இன்னொரு குழு, ஒட்டுக்கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் என்.எஸ்.ஏ. மேல் கேஸ் போட்டது. என்.எஸ்.ஏ. 1980-ல் நீதிபதிக்கு மட்டும் ரகசியமாக 21 பக்கப் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. நீதிபதி படித்தார், கேஸைத் தள்ளிவிட்டார். அந்தப் பத்திரத்தின் நகல் வெளியே வந்தபோது பெரும்பாலான வரிகள் கறுப்பு மை பூசி அழிக்கப்பட்டிருந்தன.

“பார்த்தியா, மறைக்கிறான்!” என்று எல்லாரும் குதித்தார்கள். மறைத்தது நிஜம்தான். எதை என்பதுதான் விஷயம். பல வருஷம் கழித்து மையைக் கொஞ்சம் துடைத்தபோது தெரிந்தது: வேறு நாட்டு ராணுவம் ரேடியோவில் பேசியதை இவர்கள் எப்படி ஒட்டுக் கேட்டார்கள் என்பதைத்தான் மூடி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சில் ‘என்னமோ பறக்குது’ என்ற வார்த்தையும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ரகசியம் வானத்தில் இல்லை. வானத்தைப் பார்த்த கண்ணில் இருக்கிறது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தியாவுக்கு வரும்போது உதவும்.

இரண்டாவது பதில்: “காணோம்.”

நியூ மெக்ஸிகோவின் எம்.பி. ஸ்டீவன் ஷிஃப். தொகுதி ஜனங்கள் ராஸ்வெல்லைப் பற்றித் துளைத்ததால் 1993-ல் பாதுகாப்புத் துறைக்குக் கடிதம் எழுதினார். அவர்கள், “ஆவணக் காப்பகத்தைக் கேளுங்க” என்றார்கள். காப்பகம், “எங்ககிட்ட இல்லையே” என்றது. (எம்.பி.க்கே இந்தக் கதி என்றால், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலையும் நமக்கு என்ன?) கோபம் வந்து அரசாங்கத் தணிக்கைத் துறையைப் பிடித்துத் தேடச் சொன்னார். 1995-ல் அவர்கள் கொடுத்த அறிக்கை: ராஸ்வெல் தளத்திலிருந்து அந்த வருஷங்களில் வெளியே போன செய்திகளின் பதிவேடு அழிக்கப்பட்டிருக்கிறது. யார் அழித்தார், எப்போது, எந்த உத்தரவின்பேரில்? அதற்கும் பேப்பர் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இதைவிடக் கூத்து. 2011-ல் ஒரு பத்திரிகை அந்த நாட்டுத் தகவல் சட்டப்படி, ‘பறக்கும் தட்டு பைல்களைக் கொடுங்கள்’ என்று கேட்டது. பாதுகாப்புத் துறை தேடு தேடென்று தேடிவிட்டுச் சொன்ன பதில்: பெரும்பாலான பைல்கள் தொலைந்துவிட்டன அல்லது அழிக்கப்பட்டுவிட்டன. ‘வேற்றுக்கிரகத்தார் தூக்கிப் போய்விட்டார்கள்’ என்று நம்புகிறவர்கள் நம்பலாம். எந்த அரசாங்க ஆபீஸிலாவது இரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு பைலைத் தொலைக்க வேற்றுக்கிரகத்தார் தேவையில்லை. ஒரு தடவை ஆபீஸை மாடி மாற்றினால் போதும்.

மூன்றாவது பதில்: “இந்தாங்க, எடுத்துக்கங்க.”

பிரான்ஸில் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமே இதற்கென்று 1977-லிருந்து தூலூஸ் நகரத்தில் ஒரு சின்னப் பிரிவு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். போலீஸ் வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்ளும். சிரிக்க மாட்டார்கள். விசாரித்துவிட்டு பரீட்சை பேப்பர் மாதிரி கிரேடு போடுவார்கள். ஏ என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. பி, அநேகமாகத் தெரிந்தது. சி, தகவல் போதவில்லை. டி, நல்ல தகவல் இருந்தும் விளங்கவில்லை. டி வாங்குவது ரொம்பச் சிலதான். 2007 மார்ச்சில் பழைய பைல்களை இன்டர்நெட்டில் போட்டார்கள். முதல் நாளே கூட்டம் தாங்காமல் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரஜினி படம் முதல் நாள் முதல் ஷோ கதைதான்.

பிரிட்டனில் பாதுகாப்புத் துறையில் தட்டுக்கென்று ஒரு மேஜையே இருந்தது, 1950-களிலிருந்து. 1967 வரைக்கும் ‘இதெல்லாம் யாருக்கு வேணும்’ என்று பைல்களை ஐந்தைந்து வருஷத்துக்கு ஒரு தடவை அழித்துக்கொண்டிருந்தார்கள். 2005-ல் தகவல் சுதந்திரச் சட்டம் அமலுக்கு வந்ததும் கேள்விகள் குவிந்தன. எதைப் பற்றி அதிகம்? ஏவுகணை இல்லை, ஈராக் யுத்தம் இல்லை. அதிகம் கேட்கப்பட்ட விஷயங்களில் ஒன்று பறக்கும் தட்டு! ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி விரல் தேய்ந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 2008 முதல் 2013 வரை சுமார் 200 பைல்கள், 50,000 பக்கங்களுக்கு மேல், மொத்தமாக ஆவணக் காப்பகத்தில் கொட்டிவிட்டார்கள். புகார் செய்தவர்களின் பெயர், விலாசத்தை மட்டும் அழித்துவிட்டு.

அந்த மேஜையை 2009 இறுதியில் மூடியபோது ஒரு காரணம் சொன்னார்கள்: ஐம்பது வருஷத்துக்கு மேல் வந்த எந்தப் புகாரிலும் நாட்டுக்கு ஆபத்து என்று ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒரு வருஷம் மட்டும் 643 புகார்கள் வந்திருந்தன.

பைல்களைப் பிரித்துப் படித்தவர்களுக்கு ஏமாற்றம். பச்சை நிற மனிதன் ஒருவன்கூட இல்லை. இருந்ததெல்லாம் ஜனங்களின் கடிதங்கள், வரைந்த படங்கள், ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்ற பதில்கள். ஆனால் ஒரு லாபம். ‘மறைக்கிறான்’ என்று சொல்ல அதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

இப்போது நம்ம நாட்டுக்கு வருவோம்.

2012 ஆகஸ்டிலிருந்து லடாக்கில் சீன எல்லையோரம் நம்ம ஜவான்கள் வானத்தில் ஒளிப் பந்துகளைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு தடவை இல்லை. 2013 பிப்ரவரி வரை 329 தடவை! அதில் 155 தடவை எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததாகக் குறித்து வைத்தார்கள். சீனாக்காரனின் உளவு விமானம் என்று சந்தேகம். இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் பார்த்தது, டி.ஆர்.டி.ஓ., என்.டி.ஆர்.ஓ. என்று பெரிய பெரிய அமைப்புகள் ஆராய்ந்தும் பிடிபடவில்லை. 2012-ல் நாடாளுமன்றத்தில் கேட்டபோது அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி எழுத்தில் கொடுத்த பதிலின் சாரம்: அப்படிப் பொருள்களைப் பார்த்ததற்கு முடிவான ஆதாரம் இல்லை.

முடிச்சை அவிழ்த்தது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். அவர்களின் பெரிய தொலைநோக்கி இருப்பது நம்ம பக்கத்தில்தான். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரியைத் தாண்டினால் திருப்பத்தூர் மாவட்டம், அங்கே. அவர்கள் நேரத்தையும் திசையையும் வாங்கிக் கணக்குப் போட்டு 2013-ல் சொன்னார்கள்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. குரு பகவானும் சுக்கிர பகவானும்! லடாக் உயரத்தில் காற்று சுத்தம். கிரகங்கள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும். இந்த இரண்டு பேரும் ஊடுருவியதாக 155 தடவை ரெக்கார்ட் ஆகியிருக்கிறது.

ஜவான்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. எலும்பை உறைய வைக்கும் குளிரில், எதிரியை எதிர்பார்த்து நிற்பவருக்கு வெளிச்சமெல்லாம் எதிரிதான். அவர்கள் ஒழுங்காகக் குறித்து வைத்ததால்தான் விஷயமே தெளிந்தது. நேரம், திசை, உயரம் எழுதிய பேப்பர் இருந்தது. பேப்பர் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் ஒருவர் வந்து கணக்குப் போடுவார்.

இன்னும் பக்கத்தில் ஒரு கதை. தர்மபுரி மாவட்டத்துப் பையன்களில் எத்தனையோ பேருக்குப் பெங்களூரில்தானே வேலை? 2020 மே 20-ம் தேதி மதியம் அந்த ஊரில் ‘டமால்’ என்று ஒரு சத்தம். ஜன்னல்கள் அதிர்ந்தன. நிலநடுக்கமா என்றால், கருவியில் பதிவு இல்லை. ‘வந்துட்டாங்கய்யா வேற்றுக்கிரகத்துக்காரங்க!’ என்று ஊரெல்லாம் ஜோக். அன்றைக்கே பாதுகாப்புத் துறை விளக்கம் கொடுத்தது: விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று ஊருக்கு வெளியே, 36,000 அடிக்கு மேலே, ஒலியைவிட வேகமாகப் பறந்து வேகத்தைக் குறைத்தபோது வந்த சத்தம். ஜோக் அன்றோடு செத்தது. மர்மம் பிறந்த நாளிலேயே இறந்த நாளும் வந்துவிட்டது. முப்பது வருஷம் அதை வளர்க்க ஒருத்தருக்கும் வழியில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு இம்பால். 2023 நவம்பர் 19, மதியம். விமான நிலையத்துக்கு மேலே அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று. சுமார் மூன்று மணி நேரம் விமானங்கள் நிறுத்தம். இரண்டு விமானங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ‘வான் பாதுகாப்பு நடவடிக்கை எடுத்தோம், அந்தச் சின்னப் பொருள் அதற்கப்புறம் தென்படவில்லை’ என்று விமானப்படையின் கிழக்குப் பிரிவு சொன்னது. அந்த இரண்டு வரிக்குப் பின்னால் எத்தனை பக்கம் பைல் இருக்கும், யோசியுங்கள்.

அதைக் கேட்டு வாங்க முடியுமா? பாலக்கோட்டு நண்பரின் கேள்வி இதுதான். கேட்கலாம். பத்து ரூபாய்.

தகவல் உரிமைக்கு இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் போட்ட மாநிலம் நம்ம தமிழ்நாடு, 1997-ல். அதில் விதிவிலக்குகள் ஏகப்பட்டது. 2005-ல் வந்த மத்தியச் சட்டம்தான் பல்லு முளைத்தது. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். கலெக்டர் ஆபீஸ் மாதிரி மாநில அலுவலகம் என்றால் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டலாம், மத்திய அலுவலகத்துக்குப் போஸ்டல் ஆர்டர் எடுக்கலாம், ஆன்லைனிலும் கட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தப்பான ஆபீஸுக்கு அனுப்பிவிட்டால் 5 நாளில் அவர்களே சரியான ஆபீஸுக்குத் தள்ளிவிட வேண்டும். பதில் வரவில்லையா, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். வேண்டுமென்றே இழுத்தடித்த அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். அதுவும் அவர் சொந்தப் பையிலிருந்து.

எல்லாக் கதவும் திறக்குமா என்றால், இல்லை. 8-வது பிரிவில் ‘நாட்டின் பாதுகாப்பு’ என்று ஒரு பூட்டு. 24-வது பிரிவில் இன்னொன்று: இரண்டாம் அட்டவணையில் இருக்கும் அமைப்புகளை, ஊழல், மனித உரிமை மீறல் புகார் தவிர, எதுவும் கேட்க முடியாது. லடாக் விளக்கைப் பார்த்த எல்லைப் போலீஸ், ஆராய்ந்த டி.ஆர்.டி.ஓ., என்.டி.ஆர்.ஓ., மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மேலே சொன்ன அதே சங்கதி: பார்த்த கண்ணுக்குப் பூட்டு. ஆனால் விமானப்படை, சிவில் விமானத்துறை, வானிலைத் துறை, கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எதுவும் அட்டவணையில் இல்லை. அந்தப் பக்கம் தட்டலாம்.

தட்டுவதில் ஒரு வித்தை உண்டு. ‘வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்களா? ஆம்/இல்லை எனக் கூறவும்’ என்று எழுதினால் நாலாம் நாளே குப்பை. அந்தச் சட்டம் அபிப்பிராயம் கேட்க வந்ததில்லை. கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுக்க வேண்டும், புதிதாக ஒன்றைத் தயாரித்தோ யோசனை சொல்லியோ கொடுக்கத் தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. அதனால் பேப்பரைக் கேளுங்கள். இப்படி:

‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, தர்மபுரி மாவட்ட வான்பரப்பில் அடையாளம் தெரியாத பொருள் அல்லது ஒளி பற்றித் தங்கள் அலுவலகத்துக்கு வந்த தகவல்களின் நகல். அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையின் நகல். இம்மாதிரித் தகவல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற சுற்றறிக்கை இருந்தால் அதன் நகல். அந்தக் கோப்புகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியின் நகல். அழித்திருந்தால், அழித்த உத்தரவின் நகல்.’

கடைசி வரிதான் உயிர். ‘காணோம்’ என்று சொல்கிறவர், காணாமல் போன கதையையும் எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.

“சரி சார், ஆபீஸ் போய்ட்டு வர்றவனுக்கு இந்த வேலை எதுக்கு? தட்டு வந்தா என்ன, வராட்டி என்ன?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்கு நாட்றம்பள்ளிக்குப் போக வேண்டும்.

கிருஷ்ணகிரி, பர்கூர் தாண்டி சென்னை ரோட்டில் போனால் நாட்றம்பள்ளி. 2016 பிப்ரவரி 6. அங்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் திடீரென்று வெடிச் சத்தம். கண்ணாடிகள் நொறுங்கின. தரையில் ஒரு சின்னப் பள்ளம். ஒரு பஸ் டிரைவர் இறந்துபோனார். மூன்று பேருக்குக் காயம். மறுநாளே அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிக்கை விட்டார்: விழுந்தது எரிகல். இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம், காயம்பட்டவர்களுக்கு தலா 25,000 ரூபாய்.

செய்தி உலகம் முழுக்கப் போய்விட்டது. ஏனென்றால் எரிகல் விழுந்து ஒரு மனிதர் இறந்ததாக உறுதியான சம்பவம் நவீன காலத்தில் ஒன்றுகூட அதுவரை அறியப்பட்டிருக்கவில்லை. அமெரிக்க நாசாவின் விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, இது விண்ணிலிருந்து வந்தது போலத் தெரியவில்லை, தரையில் நடந்த வெடிப்பு போல இருக்கிறது என்றார்கள். நம்ம வானியற்பியல் நிறுவனத்து ஆட்களும் வந்து கல், மண் எல்லாம் சேகரித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். எரிகல்லா, தரை வெடியா என்பது கல்லூரி விஞ்ஞான மன்றத்தின் பட்டிமன்றத் தலைப்பு இல்லை. எரிகல் என்றால் விதி. யார்மேலும் கேஸ் இல்லை. யாரும் நஷ்ட ஈடு கட்ட வேண்டாம். கொடுக்கிறது கருணைத் தொகை. தரையில் வெடித்தது என்றால் கதையே வேறு. என்ன வெடித்தது, யார் வைத்தது, லைசென்ஸ் இருந்ததா, வேலை செய்த இடத்தில் உயிர் போனதற்கு யார் பொறுப்பு என்று பத்துக் கேள்வி வரும். எந்தத் தரப்பு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ‘விழுந்தது இது’ என்று எழுதியிருக்கும் ஒரு பேப்பர், ஒரு குடும்பத்துக்கு கருணையா உரிமையா என்று தீர்மானிக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் கிரானைட் குவாரிகள் நிறைந்த ஜில்லாக்கள். பாறைக்கு வெடி வைப்பது தினசரி நடக்கிற காரியம். நாளைக்கு உங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்கலாம், ஒரு சுவர் விரிசல் விடலாம், வயலில் ஒரு பள்ளம் விழலாம். ‘வானத்துலேர்ந்து ஏதோ விழுந்துச்சாம்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் உடனே பலருக்கு நிம்மதி. வானத்துக்கு சம்மன் அனுப்ப முடியாதல்லவா? அப்போதுதான் பத்து ரூபாய் ஸ்டாம்பை எடுக்க வேண்டும். தடயவியல் அறிக்கையின் நகல் எங்கே? மண்ணைச் சோதித்த அறிக்கை எங்கே? எரிகல் என்றால் அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் போய்ச் சேர்ந்ததா? இந்த நாட்டில் விழும் எரிகற்களுக்குப் பாதுகாவலர் அவர்கள்தான்.

உலகம் முழுக்க இந்த அறுபது, எழுபது வருஷக் கதையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை இதுதான். அமெரிக்காவில் இதற்கென்றே 2022-ல் ஒரு புது ஆபீஸ் திறந்து, பழைய பைலெல்லாம் புரட்டி, 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்கள்: வேற்றுக்கிரகச் சரக்கு எதுவும் அரசாங்கத்திடம் இருந்ததற்கு ஆதாரமில்லை, ஜனங்கள் பார்த்ததில் பல, அரசாங்கமே ரகசியமாகப் பறக்கவிட்டவை. கேட்டபோது சொல்லாமல் விட்டதால் பலூன் தட்டாச்சு, விமானம் தட்டாச்சு. அதே நாளில் சொன்ன பெங்களூரு சத்தம் வெறும் சத்தமாகவே போயிற்று.

அதனால் வானத்தில் ஏதாவது பார்த்தால் முதலில் வாட்சைப் பாருங்கள். நேரம், திசை, எத்தனை நிமிஷம், மேகம் இருந்ததா என்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலாவது குறித்து வையுங்கள். போட்டோ எடுத்தால், கூடவே ஒரு மரமோ கட்டடமோ தெரிகிற மாதிரி எடுங்கள். இல்லையென்றால் உயரம் கணக்குப் போட முடியாது. அப்புறம் யாருக்கு எழுத வேண்டுமோ எழுதுங்கள். பதில் வராவிட்டால் சட்டப்படி கேளுங்கள்.

பத்து ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல டீகூடக் கிடைப்பதில்லை. கவர்ன்மென்ட் கையெழுத்துப் போட்ட ஒரு பதில் கிடைக்கும். ‘தகவல் இல்லை’ என்று வந்தாலும் பத்திரமாக வையுங்கள். இருபது வருஷம் கழித்து யாராவது ‘எங்களுக்கு அப்பவே தெரியும்’ என்று ஆரம்பித்தால், எடுத்து நீட்டலாம்.